திருகோணமலைக்கு வந்த 1838-ஆம் ஆண்டுக் கடிதம்: உங்கள் முன்னோரை அதில் தேடலாமா?

இந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் இட்ட நான்கு படங்களையும் அவற்றின் கீழே எழுதிய குறிப்பையும் சேர்த்து வாசித்தால், உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அதைவிடப் பெரியது என்று எனக்குப் படுகிறது. உங்கள் பூட்டியின் பாட்டி திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் வீட்டில் ஆயாவாக இருந்தார் என்பது உங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவருடைய மரப்பெட்டியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரேயொரு ஆங்கிலக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது. 1838 மே மாதத் தேதியும், மேல்முகப்பில் திருகோணமலை என்ற ஊர்ப்பெயரும், முடிவில் 'உன் அன்புள்ள தாய்' என்ற கையொப்பமும் தவிர, ஆள் யாரென்று காட்டும் எதுவும் அதில் தெளிவாக இல்லை. இந்தக் கடிதம் அந்தக் கதையை மெய்ப்பிக்குமா, இதற்கு முன்னும் பின்னும் போய்வந்த கடிதங்கள் எங்காவது கிடைக்குமா, கிடைத்தால் அவற்றில் அந்த அம்மையாரின் பெயர் வருமா என்பவையே நீங்கள் அறிய விரும்புவன. அந்த மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பழைய தாள்களையும் ஏடுகளையும் பாதுகாக்கும் வேலையில் பயிற்சி பெற்றவன். கிழக்கு மாகாணத்துக் கோவில் பதிவேடுகள், மிஷன் வீடுகளில் எஞ்சிய கணக்குப் புத்தகங்கள், கடிதக்கட்டுகள் ஆகியவற்றுடன் நெடுங்காலம் பழகியிருக்கிறேன். ஆனாலும் படத்தைப் பார்த்துச் சொல்வதற்கும் தாளைக் கையில் எடுத்துச் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தாளின் தடிப்பு, மையின் ஊடுருவல், மடிப்பின் தேய்வு ஆகியன படத்தில் தெரியா. ஆகவே கீழே நான் உறுதியாகச் சொல்பவற்றையும் ஊகமாகச் சொல்பவற்றையும் வேறு வேறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானது. இது இங்கிருந்து சீமைக்குப் போன கடிதமன்று. சீமையிலிருந்து இங்கே வந்த கடிதம். முகவரி இருக்கும் பக்கத்தில், மடிப்புக்கு மேலே, சிவப்பு மையில் ஒரு தபால் குறி பாதி தெரிகிறது. அக்காலப் பிரித்தானியத் தபாலில், அனுப்புபவர் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் சிவப்பிலும், பெறுபவரே கட்டவேண்டுமானால் கறுப்பிலும் குறியிடுவது வழக்கம். ஆகவே இது சீமையில் கட்டணம் கட்டி அனுப்பிய கடிதம். உறை தனியாக இல்லை. எழுதிய தாளையே மூன்றாக மடித்து, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது படத்தில் எழுத்தின் நடுவே தெரியும் ஓட்டை பூச்சி அரித்ததன்று. கடிதத்தைத் திறந்தபோது மெழுகோடு சேர்ந்து பிய்ந்த இடம் அது. அப்படிப் பிய்ந்த துண்டு மறுபக்கத்து மெழுகில் இன்னும் ஒட்டியிருக்கக்கூடும். உருப்பெருக்கியால் பாருங்கள், ஒரு சொல்லாவது அதில் கிடைக்கலாம்.

இந்தத் திசையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் குடும்பங்களின் கடிதங்களாக இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கிருந்து வீட்டுக்கு எழுதப்பட்டவை. வீட்டிலிருந்து இங்கு வந்தவை மிக அரிது. தூரதேசத்தில் இருக்கும் மகள் எழுதிய கடிதத்தைத் தாய் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தாள். சுற்றத்தாருக்குப் படித்துக் காட்டினாள். சில வேளை பிரதி எடுத்து அக்கா தங்கைகளுக்கு அனுப்பினாள். மகள் இறந்தபின் அவை புனிதப் பொருள்போலக் காக்கப்பட்டன. இங்கோ நிலைமை வேறு. மெதடிஸ்த மிஷனில் (ஜோன் வெஸ்லியின் வழிவந்த ஆங்கிலப் புரட்டஸ்தாந்துச் சபையின் மிஷன்; வெஸ்லியன் மிஷன் என்பதும் இதுவே) போதகர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற்றுவார்கள். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கோ பருத்தித்துறைக்கோ போகும்போது தோணியில் ஏற்றக்கூடிய அளவு சாமான்தான் கொண்டுபோகலாம். கறையானும் வெள்ளிப்பூச்சியும் மாரிக்காலத்து ஈரமும் எஞ்சியதைத் தின்றன. நாடு திரும்பும்போது பழைய கடிதங்களை எரித்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அழிந்துபோன பாதியின் ஒரு துண்டு. அதன் பெறுமதியை அந்த வகையில் முதலில் உணர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்து, எந்த மிஷன் என்பது. உங்கள் கேள்விக்குப் பதிலளித்த ஒருவர் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைக் காட்டியிருந்தார். இன்னொருவர் பிரெஞ்சுப் பாதிரிமாரைச் சொல்லியிருந்தார். இரண்டும் உங்களைத் தவறான வழியில் கொண்டுபோகும். அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் இலங்கைக்கு வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் என்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே நிலைகொண்டார்கள். கத்தோலிக்கத் துறவிகளான அமலமரித் தியாகிகள் இந்தத் தீவுக்கு வந்ததே 1847-இல். பிரெஞ்சு இயேசு சபையினர் திருகோணமலை மறைமாவட்டத்தை ஏற்றது 1895-இல். துறவிகளுக்கு ஆயா வைத்துப் பார்க்கும் குழந்தைகளும் இல்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 1838-இல் திருகோணமலையில் மனைவி மக்களோடு வாழ்ந்த மிஷனரி என்றால், அவர் பெரும்பாலும் வெஸ்லியன் மெதடிஸ்தர்தான். படைத்தளம் இருந்த ஊராதலால் படைக்குருவானவர் ஒருவரின் குடும்பமாகவும் இருக்கலாம் என்ற சிறு ஐயத்தை மட்டும் ஒருபக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையில் காவற்படை, துறைமுகத்தில் கடற்படைப் பட்டறை என்று இருந்த அந்த நாளில், சிப்பாய் அதிகாரிகளின் வீட்டுப் பெண்களுக்கும் சீமையில் தாய்மார் இருந்தார்கள் அல்லவா?

வெஸ்லியன் மிஷன் இங்கே எப்படித் தொடங்கியது என்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் கடிதத்தை வாசிக்க அது உதவும். தோமஸ் கோக் தலைமையில் ஒரு குழு 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. கோக் 1814 மே 3-ஆம் தேதி நடுக்கடலில் இறந்தார். மற்றவர்கள் பம்பாய் வழியாக ஜூன் 29-ஆம் தேதி காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். வரும் வழியிலேயே, 1814 பெப்ரவரியில், அவருடைய மனைவி கப்பலில் இறந்துபோனார். ஓல்ட் மட்டக்களப்பில் ஏறக்குறைய எட்டு மாதமே வாழ்ந்து, 1815 ஏப்ரல் 1-ஆம் தேதி தாமும் இறந்தார். இப்போது கணக்கைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து அவர் எழுதிய முதற் கடிதம் 1814 ஆகஸ்டில் புறப்பட்டிருந்தால், பாய்க்கப்பலில் நான்கைந்து மாதம் கடந்து ஆண்டின் கடைசியிலோ புத்தாண்டிலோதான் இங்கிலாந்தை அடைந்திருக்கும். அன்றைக்கே பதில் எழுதிக் கப்பலில் சேர்த்திருந்தாலும் 1815-இன் நடுப்பகுதிக்கு முன்னர் அது இங்கே வந்திராது. அதாவது, மட்டக்களப்பிலிருந்து அவர் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் வீட்டிலிருந்து ஒரு பதிலாவது பெறாமலே அவர் மண்ணுக்குள் போனார். இது நானாகக் கூட்டிப் பார்த்த கணக்கு. ஆனால் தேதிகள் உறுதியானவை. அவர் இறந்தது தெரியாமல் வீட்டார் எழுதிய கடிதங்கள் அதன் பின்னும் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம்.

உங்கள் கடிதத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. மூன்றாவது படத்தில் மேலிருந்து ஐந்தாறு வரிகள் எனக்கு வாசிக்க முடிந்தன. "நவம்பர் மாதம் நீ எழுதியது சென்ற வாரம் கிடைத்தது" என்ற பொருளில் ஒரு வரி. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, இரவில் உறங்குகிறதா என்று கேட்கும் இன்னொரு வரி. மகள் 1837 நவம்பரில் எழுதியதைத் தாய் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து வாசிக்கிறாள். அவளுடைய பதில் திருகோணமலைக்கு வரும்போது 1838 செப்டம்பரோ ஒக்டோபரோ ஆகியிருக்கும். குழந்தை அப்போது நடந்துகொண்டிருக்கும், அல்லது இறந்திருக்கும். இங்கே பிறந்த ஐரோப்பியக் குழந்தைகளில் பலர் முதல் ஆண்டுகளைத் தாண்டவில்லை என்பது கல்லறைகளைப் பார்த்தாலே தெரியும். எனவே இக்கடிதங்களை உரையாடலாக வாசிக்கக் கூடாது. கேள்வி ஒரு குழந்தையைப் பற்றியது. பதில் வேறொரு வயதில் இருக்கும் அதே குழந்தையைப் பற்றியது. எழுதியவர்களும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் கடிதங்களுக்கு எண் இட்டார்கள், எந்தக் கடிதம் கிடைத்தது எது கிடைக்கவில்லை என்று முதல் வரியிலேயே சொன்னார்கள், முக்கியமான செய்தியை இரண்டு கப்பல்களில் இரண்டு பிரதியாக அனுப்பினார்கள். உங்கள் கடிதத்தின் முதற் பக்கத்து மூலையில் தனித்து நிற்கும் 'எட்டு' என்ற இலக்கம் அப்படியான வரிசை எண்ணாக இருக்கக்கூடும். ஆண்டுக்கு மூன்று நான்கு கடிதம் என்று வைத்தால், அந்தப் பெண் இங்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் இதை ஊகத்தின் பக்கமே வையுங்கள்.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓடுகின்றன, அழித்து எழுதிய தாள்போல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. 1840 ஜனவரியில் ஒரு பென்னி தபால் வரும்வரை பிரித்தானிய உள்நாட்டுக் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. இரண்டாவது தாள் சேர்த்தால் கட்டணம் இரட்டிக்கும்; உறை போட்டால் அதுவும் ஒரு தாளாக எண்ணப்படும். ஆகவே ஒரு தாளை நிரப்பியபின் அதைக் கால்வட்டம் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். சிலர் மூன்றாம் முறை மூலைவாட்டாகவும் எழுதியிருக்கிறார்கள். இதை வாசிக்க ஒரு வழி உண்டு. தாளைக் கண் மட்டத்துக்குக் கிட்டே தாழ்த்திப் பிடித்து, நீங்கள் வாசிக்கும் வரிகள் உங்களை நோக்கி ஓடும்படி வைத்தால், குறுக்கே போகும் வரிகளைக் கண் தானாகவே விட்டுவிடும். கணினியில் வாசிப்பதானால் படத்தை அகலவாட்டில் மட்டும் நெருக்கிப் பாருங்கள். இரண்டாம் முறை எழுதியது பெரும்பாலும் சற்றே கருமையாக இருக்கும். குறுக்கெழுத்துப் பகுதியை விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில், ஊருக்கெல்லாம் வாசிக்கக்கூடிய செய்தி நேர்வரிகளிலும், வீட்டுப் பேச்சு குறுக்கு வரிகளிலும் இருக்கும். வேலைக்காரரைப் பற்றிய பேச்சு வருவதானால் அங்கேதான் வரும்.

நான்காவது படத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருக்கும் சிறு துணித் துண்டு எனக்கு மிகவும் பிடித்தது. வெளிர்நீலப் புள்ளி போட்ட பருத்தி, நகத்தளவு. குண்டூசி துருப்பிடித்து, தாளில் ஒரு செம்பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. அனுப்பப்போகும் அல்லது அனுப்பிய துணியின் மாதிரி அது என்று கொள்வதே பொருத்தம். மிஷன் குடும்பங்களுக்குச் சீமையிலிருந்து ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள் வரும். குழந்தை உடுப்பு, நூல், ஊசி, பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கப் பொம்மைகள், தைத்த பைகள் எல்லாம் அதில் இருக்கும். கடிதம் தபாலில் முன்னே வரும். பெட்டி சரக்குக் கப்பலில் பின்னே வரும். அந்தத் துணியில் உடுப்புத் தைத்து யார் உடுத்தினார்கள் என்று கேட்டால், துரைசாணியின், அதாவது வெள்ளைக்கார எசமானியின், குழந்தை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆயாவின் பிள்ளைகளுக்கும் பெட்டியிலிருந்து ஒரு முழமாவது போயிருக்கும்.

இனி உங்கள் முன்னோரைப் பற்றி. இங்கே நான் உங்களுக்குப் பெரிய நம்பிக்கை கொடுக்கப் போவதில்லை. இக்கடிதங்களில் ஆயா இருப்பாள். பெயரோடு இருப்பது அரிது. 'எங்கள் ஆயா', 'கிழவி', 'நல்ல பெண்' என்று கடந்துவிடுவார்கள். பெயர் வந்தாலும் அது ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும். அல்லது ஞானஸ்நானத்தில் இட்ட விவிலியப் பெயராக இருக்கும். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பாடசாலைகளில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நடத்திய முதற் பட்டத் தேர்வில் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு தேறிய விசுவநாதபிள்ளை 'கரோல்' என்றும், உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய சதாசிவம்பிள்ளை 'ஆர்னோல்ட்' என்றும் அறியப்பட்டது இந்த வழியில்தான். பெயரை மாற்றிக் கூப்பிட்ட காலத்தில் பெயரைக் கொண்டு ஆளைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அச்சில் கிடைக்கும் கடிதங்களை நம்பி மட்டும் முடிவு கட்டாதீர்கள் என்பதற்கும் யாழ்ப்பாணத்திலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுத் தருகிறேன். உடுவிலில் 1824-இல் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833-இல் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளையும் அமெரிக்காவில் இருந்த வீட்டாருக்கு எழுதிய கடிதங்களையும் கணவர் மைரன் வின்ஸ்லோ தொகுத்து 1835-இல் நியூயோர்க்கில் நூலாக வெளியிட்டார். பின்னாளில் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை 1862-இல் கொண்டுவந்தவரும் அவரே. அதேபோல, 1847-இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அவர் இறந்தபின் 1891-இல் நூலாயின. இரண்டும் அருமையான சான்றுகள். ஆனால் இரண்டிலும் பேசுவது இங்கிருந்த குரல் மட்டுமே. ஹரியட்டின் தாய் நோர்விச்சிலிருந்து என்ன எழுதினாள், கிறீனின் உடன்பிறந்தார் வூஸ்டரிலிருந்து எதை விசாரித்தார்கள் என்பதை நாம் பதிலிலிருந்து உய்த்துணர வேண்டியிருக்கிறது. அதோடு, பக்திக்கு உதவாத சமையல், சம்பளம், சச்சரவு எல்லாவற்றையும் தொகுப்பவர்கள் தயங்காமல் வெட்டுவார்கள். உங்கள் பாட்டிமார் இருந்த இடமே அந்த வெட்டப்பட்ட பகுதிதான். ஹரியட்டின் தங்கையர் மூவர் பின்னாளில் இதே மிஷனுக்கு மணம் முடித்து யாழ்ப்பாணம் வந்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு வீட்டின் நான்கு பெண்களை உலகின் மறுகரைக்கு இழுத்ததில் அக்கடிதங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை அளந்து சொல்ல முடியாது. பங்கே இல்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். முதல் வேலை, 1837, 1838 ஆண்டுகளில் திருகோணமலையில் யார் இருந்தார் என்று கண்டுபிடிப்பது. வெஸ்லியன் மெதடிஸ்த மாநாட்டின் ஆண்டு அறிக்கைகள் அச்சில் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் எந்த ஊருக்கு எந்தப் போதகர் என்ற பட்டியல் அவற்றில் இருக்கும். திருகோணமலை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பருத்தித்துறை ஆகியவை தமிழ்ப் பகுதியின் கீழே வரும். இலங்கையின் பழைய பஞ்சாங்க ஆண்டு நூல்களிலும் குருமாரின் பட்டியல் உண்டு. பெயர் கிடைத்தபின், கடிதத்தின் முகவரியில் நீர்க்கறை படிந்து மறைந்திருக்கும் எழுத்துகளோடு அதை ஒப்பிடுங்கள். முதலெழுத்தும் நீளமும் பொருந்தினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்ததாக, பென்றி லூயிஸ் தொகுத்து 1913-இல் வெளியான இலங்கைக் கல்லறைக் கல்வெட்டு நூலைப் பாருங்கள். இன்று எழுத்து அழிந்துபோன பல கற்களின் வாசகம் அதில் இருக்கிறது. அந்தக் குழந்தை இங்கே இறந்திருந்தால் அதில் அகப்படக்கூடும்.

அந்த மிஷனரி இலண்டன் மிஷன் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்லூரி நூலகத்தில் மெதடிஸ்த மிஷன் ஆவணத் தொகுப்பாக உள்ளன. ஆனால் அவை செயலாளருக்கு எழுதியவை. பள்ளிக் கணக்கு, ஞானஸ்நான எண்ணிக்கை, கட்டட வேலை, பணக்குறை என்று போகும். தாய்க்கு எழுதியது அங்கே இராது. குடும்பக் கடிதங்கள் இருந்தால், அவை அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்களிடமோ, இங்கிலாந்தில் அவர்களுடைய சொந்த மாவட்டத்து ஆவணக் காப்பகத்திலோ இருக்கும். அதனால்தான் தாய் எழுதிய ஊரைக் கண்டுபிடிப்பது மிக முக்கியம். முதற் பக்கத்துத் தேதியின் முன்னால் ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது. படத்தில் மங்கலாக உள்ளது. சிவப்புக் குறியிலும் ஊர்ப்பெயரின் ஒரு பகுதி இருக்கக்கூடும். வேறு மிஷன்களோடு குழம்பாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க மிஷன் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்திலும், ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த சர்ச் மிஷன் கடிதங்கள் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. உங்களுக்கு அவை இப்போது தேவையில்லை.

இங்கே தேட வேண்டியது திருகோணமலை மெதடிஸ்த திருச்சபையின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில். அந்த ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்ற தமிழ்ப் பெண்களின் பெயர், பெற்றோர், தொழில் ஆகியவை எழுதப்பட்டிருந்தால், சாட்சிகள் யார் என்ற நிரலையும் விடாமல் வாசியுங்கள். மிஷன் வீட்டில் வேலை செய்தவரின் ஞானஸ்நானத்துக்கு மிஷனரியின் மனைவி சாட்சியாக நிற்பது இயல்பு. உங்கள் குடும்பம் சைவமாகவே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தப் பதிவேடுகளில் அவர் இல்லாமற்போவதும் இயல்பே. கோணேசரைக் கும்பிட்டுக்கொண்டே மிஷன் வீட்டில் சம்பளத்துக்குப் போனவர்கள் அன்றும் ஏராளம். பதிவேட்டில் இல்லை என்பதால் கதை பொய் என்று ஆகாது.

மகளின் பிள்ளைகள் வளர்ந்தபின் என்ன நடந்தது என்பதும் தேடலுக்கு ஒரு வழி. இங்கே வளர்ந்தால் உடலும் ஒழுக்கமும் கெடும் என்று அஞ்சி, ஆறேழு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிவிடுவது அவர்களிடையே வழக்கமாக இருந்தது. வெஸ்லியன் போதகர்களின் ஆண்பிள்ளைகளுக்குக் கிங்ஸ்வுட், 1812-இல் தொடங்கிய வுட்ஹவுஸ் குறோவ் என்ற இரு பாடசாலைகள் இருந்தன. மாணவர் பட்டியலில் தந்தையின் பெயர் இருக்கும். அந்தப் பிரிவுக்குப் பின் கடிதங்களின் போக்கே மாறும். தாய் திருகோணமலையில் இருந்து பிள்ளைக்கு எழுதுவாள், பிள்ளை தன் ஆயாவை விசாரித்து எழுதும். ஆயாவின் பெயர் உண்மையாகவே வருவதற்கு வாய்ப்புள்ள இடம் அந்தப் பிள்ளைக் கடிதங்கள். பெரியவர்கள் 'ஆயா' என்று எழுதியவரைப் பிள்ளைகள் தாம் வீட்டில் கூப்பிட்டபடியே எழுதினார்கள். அப்படி ஒரு கட்டு எங்கேனும் பிழைத்திருந்தால் உங்கள் தேடலுக்கு அதைவிட நல்ல சான்று இராது.

பிற்காலக் கடிதங்களும் கண்ணில் பட்டால் அவற்றின் தோற்றம் வேறாக இருக்கும் என்பதையும் அறிந்திருங்கள். 1842 முதல் பீ அண்ட் ஓ கம்பனியின் நீராவிக் கப்பல்கள் சூயஸிலிருந்து காலி வழியாக ஓடத் தொடங்கின. ஐந்தாறு மாதம் என்பது ஏறக்குறைய ஆறு வாரமாகக் குறுகியது. இலங்கை முத்திரை 1857-இல் வந்தது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தது. 1877-இல் இலங்கை உலகத் தபால் சங்கத்தில் சேர்ந்தது. நாள்தோறும் சிறிது சிறிதாக எழுதி, கப்பல் வரும் செய்தி கேட்டவுடன் மூடும் நீண்ட கடிதம் மறைந்து, வாராந்தக் கப்பலுக்கு அவசரமாக எழுதும் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. ஆராய்பவனுக்கு இது இழப்புத்தான். முன்னைய கடிதங்களில் இருந்த வீட்டு விவரம் பின்னையவற்றில் பாதிகூட இல்லை.

கடிதம் உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதில் மூன்று வழிகளை நான் எண்ணிப் பார்க்கிறேன். அந்தக் குடும்பம் ஊர் மாறும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டியின் அடியில் கிடந்திருக்கலாம். அம்மையார் தாமே அந்தத் துணித் துண்டுக்காகவோ துரைசாணியின் நினைவாகவோ கேட்டு வாங்கியிருக்கலாம். அல்லது, பிற்காலத்தில் யாரோ ஒருவர் பழைய சாமான் ஏலத்தில் எடுத்த பெட்டியோடு வந்து, கதை பின்னர் அதன்மேல் ஏறியிருக்கலாம். மூன்றாவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் அதை மறுக்கும் சான்று இப்போதைக்கு இல்லை. என் எண்ணம் முதலாவதன் பக்கம் சாய்கிறது. கடிதம் மடித்த மடிப்பிலேயே, வேறு மடிப்பு விழாமல் இருப்பதைப் பார்த்தால், அது கைமாறிக்கொண்டு திரிந்த பொருளாகத் தெரியவில்லை. ஆயா என்ற கதை உண்மை என்பதற்கு இந்தக் கடிதம் மட்டும் போதாது. பொய் என்பதற்கும் இதில் எதுவும் இல்லை. குறுக்குவரிகள் முழுவதையும் வாசித்தபின் இந்த முடிவு மாறலாம்.

கடைசியாக, தயவுசெய்து அதை லமினேற் செய்யாதீர்கள். பதில் எழுதியவர்களில் இருவர் அப்படி யோசனை சொல்லியிருந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. அக்காலத்து மை இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்தது. நாளடைவில் அது தாளையே அரிக்கும். சூடு கொடுத்துப் பிளாஸ்திக்கில் மூடினால் அரிப்பும் நிற்காது, பின்னர் எடுக்கவும் முடியாது. ஒட்டுநாடாவும் வேண்டாம். பூச்சி உருண்டை, கற்பூரம், வேப்பிலை எதுவும் தாளில் நேரே படக்கூடாது. அமிலம் இல்லாத தாளுக்கிடையே தட்டையாக வைத்து, மட்டைப்பெட்டி ஒன்றில், வெளிச்சுவரில் படாத அலுமாரியின் மேற்தட்டில் வையுங்கள். கார்த்திகை மார்கழியில் திருகோணமலையின் வெளிச்சுவர் ஈரம் கசியும். குண்டூசியை இழுக்க வேண்டாம். துரு தாளைப் பிடித்திருக்கும். இழுத்தால் துணியும் தாளும் சேர்ந்து கிழியும். அதைக் கழற்றுவது பயிற்சி உள்ளவர் செய்யவேண்டிய வேலை. அதுவரை அப்படியே இருக்கட்டும்.

அடுத்த முறை படம் எடுக்கும்போது மூன்று படங்கள் வேண்டும். முகவரிப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்து ஒன்று. சிவப்புக் குறியை மட்டும் கிட்டே வைத்து ஒன்று. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. ஆங்கிலத் தாள்களில் நீர்க்குறியோடு உற்பத்தி ஆண்டும் இருப்பது அக்காலத்தில் வழக்கம். அதில் 1838-க்குப் பிந்திய ஆண்டு தெரிந்தால் இது பிற்காலப் பிரதி என்று ஆகிவிடும். 1836 அல்லது 1837 என்று இருந்தால் தேதியைப் பற்றிய ஐயம் பெரிதும் குறையும். ஊர்ப்பெயரில் நான்கு எழுத்தாவது தெரிந்தால் எழுதுங்கள், எந்த மாவட்டத்துக் காப்பகத்துக்கு எழுதலாம் என்று சொல்கிறேன்.